மவுசாகலைக் கரையில் ஒரு நாள்

விடுமுறையில் மஸ்கெலியாப் பக்கம் போனால், மவுசாகலை நீர்த்தேக்கக் கரையில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் முன் பிள்ளைகளுக்கு அதன் கதையைச் சொல்லுங்கள்.

1969இல் அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. பள்ளிவாசல், கோயில், விகாரை, கடைகள் எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. மக்கள் புதிய நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தத் தண்ணீர்தான் கெனியன் மின்நிலையத்தில் மின்சாரமாகி நம் வீடுகளுக்கு வெளிச்சம் தருகிறது.

வறட்சியில் நீர் வற்றினால் பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். கிட்டப் போய்ப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். மேலே காய்ந்த சேறு அடியில் ஈரமாயிருக்கும். காலை உள்ளே இழுக்கும். கையை விடாதீர்கள்.

புறப்படும்போது பொலித்தீன் பைகளையும் பொறுக்கி எடுத்து வாருங்கள். ஒரு காலத்தில் அது பலருடைய வீட்டு முற்றம்.