பெயரில் ஓர் எழுத்து மாறினால்



ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்ற ஆணை 2015 நவம்பரில் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் உண்டு. 2019 ஜூலை முதலான நிலுவையை வழங்க 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க நேர்ந்தது. குடும்ப ஓய்வூதியம் பெறுவோருக்கு ஏப்ரல் 30-க்குள் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு.

ஆனால் சேலம், நாமக்கல் கிராமங்களில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பட்டாளத்துக்காரர் இறந்தபின் மனைவிக்குச் சாதாரண விகிதத்தில் கிடைப்பது கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடுதான். அதைப் பெறவும் படைப் பதிவேட்டுப் பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம்மவர்களுக்கோ திருமுழுக்குப் பெயர் ஒன்று, வீட்டில் அழைப்பது ஒன்று, ரேஷன் அட்டையில் இன்னொன்று! ‘ஸ்பர்ஷ்’ இணையத்தில் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றும் பதிய வேண்டும். தனியாக வாழும் மூதாட்டி என்ன செய்வார்?

தமிழக அரசு ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரரின் தொழில் கடனுக்கு 30 விழுக்காடு மானியம் தருகிறது. வரவேற்கிறோம். அந்த மூதாட்டிக்குத் தேவை கடன் அல்ல, கூட வர ஓர் ஆள்.

அன்பியப் பொறுப்பாளர்களே, கணவர் உயிரோடிருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். திருமுழுக்கு, திருமணச் சான்றுகளைப் பங்கு அலுவலகத்தில் பெற்று, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடன் சென்று வாருங்கள்.