அச்சு அசலாக வேண்டுமா?

வீட்டு நாயைப் போலவே ஒரு பஞ்சுப் பொம்மை வேண்டும் என்றால், பலரும் புகைப்படத்தைக் கொடுத்து "அச்சு அசலா இருக்கணும்" என்கிறார்கள். அங்கேதான் தப்பு. ரோமத்தின் நிறமெல்லாம் வந்துவிடும். நாய் மட்டும் வராது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் வால்டியைப் பாருங்கள். கோடைக்கால ஒலிம்பிக்கின் முதல் அதிகாரபூர்வ நற்சின்னம். ஓட்டல் ஐஷரின் குழு அதை வடிவமைத்தது, செரி என்ற நிஜ டாக்ஸ்ஹண்ட் நாயை வைத்துத்தான். செரிக்கு நீள ரோமம், அதை விட்டுவிட்டார்கள். தலையும் வாலும் வெளிர் நீலம், உடம்பில் வண்ணப் பட்டைகள். எந்த நாய்க்கு அந்த நிறம் உண்டு? ஆனாலும் நீண்ட உடம்பு, குட்டைக் கால், தொங்கும் காது சரியாக இருந்ததால் பார்த்தவுடன் டாக்ஸ்ஹண்ட் என்று தெரிகிறது. அந்த ஆண்டு மாரத்தான் பாதையையே வால்டி உருவத்தில் போட்டார்கள். அதற்கு நிறமே தேவைப்படவில்லை, வெளிக்கோடு போதும்!

இறந்துபோன நாயின் நினைவாகப் பொம்மை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு காது மட்டும் மடிந்திருக்குமா? கூப்பிட்டால் தலையைச் சாய்த்துப் பார்க்குமா? பொம்மை தைப்பவரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். துணியின் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையில் எடுத்ததும் "இது அவன்தான்" என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.