சகோதரியின் கடிதம்: இரவெல்லாம் ஓடும் மடிக்கணினி

பல்லேகலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. ஆய்வுக்காக ஒரு பெரிய கணக்கை மடிக்கணினியில் ஓடவிட்டால் அது முடிய மூன்று நாள் செல்லுமாம். இரவிலும் நிறுத்துவதில்லை. கணினி இருப்பதோ கட்டிலில், மெத்தையின் மேல். தொட்டால் கை சுடுகிறது, உள்ளே விசிறி இரைகிறது. ஒரு நாள் ஸுப்ஹுக்கு எழுந்தபோது பயந்துபோன தாய் பிளக்கைக் கழற்றி, பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். இரண்டு நாள் வேலை பாழ். மகள் உம்மாவோடு சரியாகக் கதைப்பதில்லை. கடனெடுத்து வாங்கிய கணினி, வாப்பா வெளிநாட்டில். தான் செய்தது பிழையா என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் அச்சம் பிழையல்ல. உறங்கச் செல்லுமுன் வீட்டில் எரியும் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை நாம் அறிவோம். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதில் உள்ளோர் இருக்கும்போதே எரிந்துபோன செய்தி அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு மனிதனுக்குப் பகை என்று எச்சரித்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. அன்று விளக்குத் திரி. இன்று கண்ணுக்குத் தெரியாத சூடு. கவனம் ஒன்றுதான்.

ஆனால் மகளின் வருத்தத்திலும் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் உழைத்த பிள்ளையின் வேலை அது. ஆகவே அணைப்பதா, ஓடவிடுவதா என்று வழக்காடுவதை விட்டு, சூட்டைக் குறைப்பது எப்படி என்று இருவரும் சேர்ந்து பார்ப்பதே நல்லது.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணினி உள்வாங்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் சூடாகவே வெளியேறும். கடிதம் எழுதும்போது அது சில வாட்தான். இடைவிடாமல் கணக்குப் போடும்போது 60 வாட், சில கணினிகளில் 100 வாட்டுக்கும் மேல். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பைக் கையால் தொட முடியுமா? அத்தனை சூடும் ஒரு கொப்பி அளவுப் பெட்டிக்குள் பிறக்கிறது. அதை வெளியேற்ற இருப்பவை ஒரு சிறு விசிறியும் சில காற்றுத் துளைகளும்தான். பெரும்பாலான மடிக்கணினிகள் கீழ்ப்பக்கத்தால் காற்றை இழுத்துப் பக்கத்தாலோ பின்னாலோ வெளியே தள்ளுகின்றன. மெத்தையில் வைத்தால் அந்த மூக்கைப் பொத்தியதாகிறது.

உள்ளே இருக்கும் சில்லு 95 முதல் 100 பாகை வரை சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் கணினி தானே அணைந்துவிடும். எனவே சில்லு தீப்பற்றும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது பெட்டரியைத்தான். லிதியம் பெட்டரிக்குச் சூடு ஆகாது. நாள்தோறும் சூட்டிலேயே, நூறு வீதம் சார்ஜிலேயே கிடந்தால் விரைவில் மூப்படையும். சில வேளை உப்பும். கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, விரலால் தடவும் பலகை மேலெழுந்தாலோ பெட்டரி உப்பியிருக்கிறது என்று கொள்ளுங்கள். உடனே பாவனையை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. தெரிந்த திருத்துநரிடம் கொடுத்து மாற்ற வேண்டும். இது நாளைக்கு என்று தள்ளிப்போடும் காரியமல்ல.

இன்றே செய்யக்கூடியவை

முதலில் கணினியைக் கட்டிலிலிருந்து இறக்குங்கள். மெத்தை, தலையணை, கம்பளம், முஸல்லா எதன் மேலும் வேண்டாம். படுக்கையறைக்கு வெளியே, திரைச்சீலையும் கடதாசியும் அருகில் இல்லாத மேசையில் வையுங்கள். பின்பக்கத்தின் இரு மூலைகளுக்கும் கீழே ஒரே அளவான இரண்டு போத்தல் மூடிகளை வைத்தால் அடியில் காற்றோட்டம் கிடைக்கும். காசு செலவில்லாத இந்த வேலைக்குப் பலன் அதிகம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மேசை விசிறியைத் திருப்பி வைத்தால் இன்னும் நல்லது. சார்ஜரையும் துணியால் மூடாதீர்கள், அதுவும் சுடும் பொருள்தான்.

ஐஸ் பொதியை அடியில் வைப்பது சிலர் சொல்லும் யோசனை. வேண்டாம். ஈரப்பதன் மிகுந்த நம் மலைநாட்டுக் காற்றில் குளிர்ந்த பொருளின் மேல் நீர் துளிர்க்கும். அது உள்ளே இறங்கினால் கணினி போய்விடும்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, காற்றுத் துளைகளை மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். இரண்டு மூன்று வருடமான கணினியென்றால் திருத்துநரிடம் கொடுத்து உள்விசிறித் தூசியை நீக்கி, சில்லின் மேல் பூசியிருக்கும் பசையையும் புதிதாகப் பூசச் சொல்லலாம். காய்ந்துபோன பசை சூட்டைக் கடத்தாது.

மடியில் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தொடர்ந்து படும் மிதமான சூட்டினால் தொடைத் தோலில் வலை பின்னியது போன்ற கருந்தழும்பு வருவதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பெயர் மடிக்கணினி என்றாலும் அதன் இடம் மேசைதான்.

மகள் செய்ய வேண்டியவை

கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் சில்லின் சூட்டைக் காட்டும். நாள்கணக்கில் ஓடும் வேலைக்கு 85 பாகைக்குள் இருப்பது நிம்மதி. விண்டோஸின் மின்சார அமைப்புகளில் சில்லின் உச்ச நிலையை 100 வீதத்திலிருந்து 99 ஆக்கினால், பல கணினிகளில் அந்த மேலதிக வேகப் பாய்ச்சல் நின்று சூடு நன்றாகக் குறையும். அந்த வசதி தென்படாவிட்டால் பவர் மோடைச் சிக்கனத்துக்கு மாற்றலாம். மூன்று நாள் வேலை நான்கு நாளாகலாம், ஆனால் முடியும். பெட்டரியை 80 வீதத்தோடு நிறுத்தும் வசதி பல கணினிகளில் உண்டு. அதையும் போட்டுவிடட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், கணக்கின் நிலையை மணிக்கொருமுறை தானாகவே சேமிக்கும்படி நிரலை எழுதுவது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. இந்த நாட்டில் சேமிக்காமல் மூன்று நாள் ஓடவிடுவது, உம்மா அணைக்காவிட்டாலும் ஆபத்தானதே! சேமித்திருந்தால் அன்று போயிருப்பது இரண்டு நாளல்ல, ஒரு மணிநேரம்.

நேரத்தையும் பாருங்கள். கண்டிப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். மார்ச், ஏப்ரல் பகலில் வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலும் இரவு குளிர்ந்துவிடும். அறை ஒரு பாகை குளிர்ந்தால் சில்லும் ஏறத்தாழ ஒரு பாகை குளிரும். எனவே கடினமான பகுதியை மஃரிபுக்குப் பின் ஓடவிடுவது இயந்திரத்துக்கு நல்லதுதான். ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடி மின்னல் அதிகம். அப்போது பிளக்கை மட்டும் கழற்றுங்கள். கணினி பெட்டரியில் சிறிது நேரம் ஓடும், அதற்குள் வேலையைச் சேமித்து நிறுத்திவிடலாம்.

இன்னொன்று. உங்கள் பல்லேகலையிலேயே உலக நிலநடுக்க வலையமைப்பைச் சேர்ந்த ஒரு நிலையம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவில் பூமி அதிர்ந்தபோது, 1,600 கிலோமீற்றருக்கு அப்பால் நம் இலங்கைத் தரை 9 சென்றிமீற்றருக்கும் மேல் ஏறி இறங்கியதைப் பதிவு செய்தது அதுதான். ஓயாமல் விழித்திருக்க வேண்டிய கருவியை அதற்கென்றே அமைத்த இடத்தில் வைக்கிறார்கள். மடிக்கணினி அப்படிச் செய்யப்பட்டதல்ல, கொண்டு திரிவதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே இத்தகைய கணக்குகளைப் பல்கலைக்கழகக் கணினிகளில் ஓடவிட முடியுமா என்று மகள் விரிவுரையாளரிடம் கேட்கட்டும். கூகுள் கோலாப் போன்ற இணையச் சேவையிலும் ஓரளவு இலவசமாகச் செய்யலாம். அப்போது வீட்டில் சூடே இல்லை.

சகோதரியே, ஒரு துண்டுக் கடதாசியில் மகளைக் கொண்டே எழுதி மேசையில் ஒட்டச் சொல்லுங்கள்: எப்படிச் சேமிப்பது, எப்படி முறையாக நிறுத்துவது, இடி இடித்தால் எதைக் கழற்றுவது, என்ன மணம் வந்தால் தன்னை எழுப்புவது. அவள் உறங்கும்போது அவளுடைய வேலைக்கு நீங்கள் காவல். உங்களுடைய உறக்கத்துக்கு அவள் பொறுப்பு. கடன்பட்டு வாங்கிய பொருளும் பிள்ளை கற்கும் கல்வியும் இரண்டுமே அமானிதம். இரண்டையும் காக்க அல்லாஹ் உங்கள் இருவருக்கும் துணைபுரிவானாக! ஆமீன்.