குண்டுக்குத் தப்பிய மாளிகை

கருக்களாச்சேரியை உள்ளிட்ட காரைக்கால் பிரதேசம் 1760-லேயே ஆங்கிலேயர் வசமாயிற்று. புதுச்சேரியோ பல மாத முற்றுகைக்குப்பின் 1761 ஜனவரி 16-ந் தேதி சரணடைந்தது. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானது அதற்கு நான்கு தினங்கள் முன்பு.

முற்றுகையில் உணவு போதாதென்று லாலி துரத்தியது யாரை? நகரத்துத் தமிழரை! இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் பல நாள் பட்டினி கிடந்தார்கள். வென்றவர்கள் கோட்டையையும் வெள்ளையர் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1758-ல் தேவனாம்பட்டணத்துக் கோட்டையை லாலி இடித்ததற்குப் பழி.

அந்த அழிவிலும், 1748-ல் பாஸ்கவன் பொழிந்த குண்டுகளிலும் பிழைத்து நிற்பது பிள்ளையவர்களின் மாளிகை. சுமார் 1738-ல் எழுந்தது. கீழே தமிழ் முறையில் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு முறையில் சுதைத்தூண்கள். அவருடைய தினசரியைச் சென்னை ஸர்க்கார் 1904 முதல் 1928 வரை 12 பாகங்களாக இங்கிலீஷில் வெளியிட்டது. அந்நியனுக்குத் தெரிந்த மதிப்பு அது.

புதுச்சேரி மேரி கட்டடத்தை எந்தப் பீரங்கியும் இடிக்கவில்லை. பராமரிப்பின்றி, 2014 நவம்பர் மழையில் தானே விழுந்தது. பிறகு மறுபடி கட்டினார்கள், மெய்தான். பிள்ளை வீட்டு மரத்தூண்களை அவ்வாறு மறுபடி செய்துவிட இயலுமா? அடுத்த மழைக்குமுன் அதன் கூரையையும் மரவேலையையும் அதிகாரிகள் பரிசோதித்து, செலவைப் பொதுப்பணத்திலிருந்து ஏற்கவேண்டும்.