நிமிஷத்துக்கு 300 கிளிக் அடிச்சாத்தான் ராஜாவா?

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' மாதிரி ஆட்டத்தைப் புதுசா ஆரம்பிக்கிறவங்க கிட்ட ஒரு கோஷ்டி தவறாம ஒரு வசனம் விடும். "மைக்ரோ தெரியாம இதுல கை வைக்காதீங்க சார், அழுதுடுவீங்க!"

தெரியாதவங்களுக்கு: எல்லாரும் ஒரே நேரத்துல ஊர் கட்டி, படை திரட்டி மோதற ஆட்டங்களுக்கு ஆர்.டி.எஸ்.னு பேரு. அதுல ஒவ்வொரு வீரனையும் தனித்தனியாப் பிடிச்சு, அம்புக்கு ஒதுக்கி, அடி வாங்கினவனைப் பின்னால இழுத்து மேய்க்கிறதுதான் மைக்ரோ. 'ஸ்டார்கிராஃப்ட்' ஆடற கொரியப் புலிகள் நிமிஷத்துக்கு 300 கட்டளைக்கு மேல தட்டுவாங்க. நாற்பதைத் தாண்டின நமக்கு அது வராது, சரி. அதனால ஆட்டமே நமக்கு ஆகாதுன்னு தீர்ப்பு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பி.காம். படிச்சவனுக்கு மைக்ரோன்னு ஒண்ணு இருந்தா மேக்ரோன்னு ஒண்ணு இருக்கும்னு தெரியும். இந்த ஆட்டத்துலயும் இருக்கு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' எடுத்துக்கோங்க. ஒரு குடியானவனை உருவாக்க 50 உணவு, 25 வினாடி. உங்க ஊர் மையம் 2 நிமிஷம் சும்மா நின்னா கிட்டத்தட்ட 5 ஆள் போச்சு. அந்த 5 பேர் அடுத்த அரை மணி நேரம் வெட்டியிருக்கக்கூடிய மரமும் போச்சு. 2,000 மரம் கையில சேர்ந்து கிடக்குன்னு புதுசா ஆடறவர் சந்தோஷப்படுவார். அது வட்டியில்லாத கரண்ட் அக்கவுண்ட்ல தூங்கற பணம்ங்க! இதைக் கவனிக்க வேகமான விரல் வேண்டாம், கணக்குப் புத்தி போதும்.

சண்டையிலயும் இதே கதைதான். எதிராளி 60 உணவும் 75 தங்கமும் கொட்டி ஒரு குதிரை வீரனை இறக்குறான். நீங்க 35 உணவும் 25 மரமும் கொடுத்து ஈட்டிக்காரனை நிறுத்தலாம். ஈட்டிக்குக் குதிரை மேல கூடுதல் அடி உண்டு. தங்கத்துல கை வைக்கவே வேண்டாம். என்ன வருதுன்னு முன்கூட்டியே பார்த்து, சரியான படையைச் சரியான எண்ணிக்கையில வச்சிருக்கிறவன் பாதிச் சண்டையை ஜெயிச்சாச்சு.

"அதெல்லாம் சரி சார், மைக்ரோதானே உண்மையான திறமை?"ன்னு கேப்பாங்க. இந்த ஆட்டங்களைச் செஞ்சவங்களே அப்படி நினைக்கலையே! 1992-ல வந்த 'டூன் 2'-ல ஒரு நேரத்துல ஒரே ஒரு ஆளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 1998 'ஸ்டார்கிராஃப்ட்'ல 12. 2010-ல வந்த அதன் இரண்டாம் பாகத்துல படை மொத்தத்தையும் அள்ளலாம். 1999-ல 'ஏஜ் 2'-ல வயல் தீர்ந்தா ஒவ்வொண்ணா நாமதான் மறுபடி விதைக்கணும். 2019 பதிப்புல அது தானா நடக்கும், உளவுக் குதிரை தானே ஊர் சுத்தும். 2003-ல வந்த 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்'ல வேலையில்லாத குடிமகன் தானே வேலை தேடிக்குவான். 2000-ல வந்த 'மெஜஸ்டி' இன்னும் ஒரு படி மேல. அதுல வீரனுக்கு நேரடியா உத்தரவே போட முடியாது. ஒரு கொடியை நட்டு இத்தனை பொன் பரிசுன்னு அறிவிக்கணும்; தொகை பிடிச்சா போவான், இல்லைன்னா போக மாட்டான். (நம்ம ஆபீஸ் மாதிரியே :-)) இதுல எந்த மாற்றத்தாலயும் ஆட்டத்துல யோசிக்கிற வேலை குறைஞ்சு போகலை.

இன்னொரு சாட்சியும் உண்டு. 2019-ல டீப்மைண்ட் கம்பெனியோட 'ஆல்ஃபாஸ்டார்' கணினி, 'ஸ்டார்கிராஃப்ட் 2'-ல தொழில்முறை ஆட்டக்காரங்களைத் தோற்கடிச்ச சேதி வெளியாச்சு. அது மூளையால ஜெயிச்சுதா, மனுஷனால முடியாத கிளிக்கால ஜெயிச்சுதான்னு உடனே சண்டை கிளம்புச்சு. அதே வருஷம் அடுத்த பதிப்புல 5 வினாடிக்கு 22 செயல்னு அதுக்குக் கடிவாளம் போட்டாங்க. புத்தியை அளக்கணும்னா விரலைக் கட்டணும்னு இதைவிட யார் நிரூபிக்கணும்?

ஒண்ணை ஒத்துக்கறேன். இணையத்துல சம பலத்தோட மோதும்போது வேகமான கைதான் ஜெயிக்கும், அதுவும் மேல போகப் போக. ஆனா தெருவுல ஷட்டில் ஆடறவர் ஒலிம்பிக் ஆட்டக்காரர் மாதிரி ஸ்மாஷ் அடிக்கலைன்னு யாராவது பேட்டைப் பிடுங்குறோமா? ஆரம்பிக்கிறவர் கணினியை எதிர்த்து, சுலப நிலையில, வேகத்தைக் குறைச்சு வச்சு ஆடட்டும். வேணுங்கிறப்ப நிறுத்திட்டுக் காபி குடிச்சுட்டு வரட்டும். யார் கேட்கப் போறாங்க?

இதுக்கு ஏன் இவ்வளவு ஆவேசம்னு கேட்டா, ஊரை விட்டு வந்து இருக்கிற நம்ம வீடுகள்ல அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பொதுவா இருக்கிற விஷயம் குறைஞ்சுகிட்டே வருது. பையன் பேசற இந்தி நமக்குப் பாதி புரியாது, நாம சொல்ற ஊர்க்கதை அவனுக்குப் புரியாது. 2022-ல 'ஏஜ் 2'-க்கு வந்த இந்தியத் தொகுப்புல திராவிடர் படை இருக்கு, ராஜேந்திர சோழன் பேர்லயே ஒரு தொடர் இருக்கு. கங்கைகொண்டசோழபுரம் எங்கப்பா இருக்குன்னு அவன் தானா வந்து கேட்கிற வாய்ப்பு அது. பள்ளிக்கூடப் புத்தகம் இதைச் செய்யும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நேரத்துல "உங்க கை வேகம் பத்தாது அங்கிள்"னு ஒருத்தன் சொல்லி, நீங்களும் நம்பி எழுந்து போனா நஷ்டம் யாருக்கு?

அதனால சனிக்கிழமை ராத்திரி பையன் பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சி, எதிரி கணினி. சண்டையை அவன் பார்த்துக்கட்டும். கஜானா உங்க பொறுப்பு.