மந்தர ஒலி எங்கே போயிற்று?

பௌதிகம் கற்பிப்போரிடம் வீட்டுச் சந்தேகங்களும் வந்து சேர்வது வழக்கம். அண்மைக் காலத்தில் எம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: கணினிக்கு அருகே மேசைமேல் சிறிய அம்பிளிபயர் ஒன்றும், புத்தகத் தட்டில் அடங்கும் ஸ்பீக்கர் இரண்டும் வாங்கி இணைத்தாயிற்று, பாட்டும் கேட்கிறது, ஆயினும் மிருதங்கத்தின் தொப்பி பேசவில்லை, சப்வூபர் என்னும் பெட்டியையும் வாங்க வேண்டுமா? கேட்பவர் மாணவர், பணம் கொடுக்க வேண்டியவர் தகப்பனார். ஆதலின் விடையைச் சற்று நிதானித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்பீக்கரின் உள்ளே இருப்பது மிக எளிய அமைப்பு. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய கூம்பு ஒன்று. சுருளில் மின்னோட்டம் மாறுந்தோறும் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெலொக் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட இவ்வமைப்பே இன்றும் நம் மேசையில் இருக்கிறது. (கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பை முறைப்படி தொடங்கியதும் அவ்வாண்டின் டிசெம்பரிலேயே!) இதிலே மந்தர ஒலிக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. மீடிறன் பாதியாகக் குறைந்தால், அதே உரப்பைப் பெறக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். செக்கனுக்கு 160 அதிர்வுள்ள ஒலிக்குக் கால் மில்லிமீற்றர் அசையும் கூம்பு, 80 அதிர்வுக்கு ஒரு மில்லிமீற்றரும், 40 அதிர்வுக்கு நான்கு மில்லிமீற்றரும் அசைந்தாக வேண்டும். சிறிய பெட்டியிலும் மந்தர ஒலியை வரவழைக்கலாம் என்பதை எட்கார் வில்சூர் என்பவர் 1954இல் காட்டினார். பெட்டியைக் காற்றுப் புகாதவாறு அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக அமைத்தார் அவர். ஆனால் அவருடைய கூம்பு 12 அங்குலம். நம் மாணவர் மேசையில் இருப்பதோ 4 அங்குலம்.

ஆகவே, செக்கனுக்கு 70 அதிர்வுக்குக் கீழே சிறு ஸ்பீக்கர் தளர்ந்துவிடுவது இயல்பு. தளர்வது வேறு, அடியோடு காணாமற் போவது வேறு. தொப்பியின் ஒலி முற்றாக மறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கம்பிகளைத்தான்.

அம்பிளிபயரின் பின்புறத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள் உண்டு, ஸ்பீக்கரிலும் அவ்வாறே. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கத்தில் மட்டும் இது மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே வரும் வேளையில் மற்றது பின்னே போகும். ஒன்று தள்ளிய காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். 80 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் நாலு மீற்றருக்கும் மேலே. ஸ்பீக்கர்கள் இருப்பதோ ஒரு மீற்றர் இடைவெளியில். எனவே மந்தர ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உயர்ந்த ஒலிகளின் அலைநீளம் சிறிதாகையால் அவை முழுவதும் அழிவதில்லை. பாட்டுக் கேட்கிறது, மிருதங்கம் மெலிகிறது என்பதன் இரகசியம் இதுவே. செய்தி வாசிப்பவர் ஒருவரின் குரலைப் போட்டுக் கேளுங்கள். இணைப்புச் சரியாயின் குரல் இரு பெட்டிகளுக்கும் நட்டநடுவிலிருந்து வரும். பிழையாயின் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. அப்பொழுது அம்பிளிபயரை நிறுத்தி, ஒரு ஸ்பீக்கரின் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

கம்பியின் உறையை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு உரித்தாற் போதும். இழைகளை நன்றாக முறுக்கிவிட வேண்டும். தலைமயிர் போன்ற ஓரிழை அயல் முனையைத் தொட்டாலும் அம்பிளிபயர் பழுதாகக்கூடும்.

இவ்வளவும் செய்தபின்னரும் மனம் நிறையாவிட்டால் சப்வூபரைப் பற்றி எண்ணலாம். தனக்கென உள்ளே அம்பிளிபயர் உடையதையே வாங்குக. மேசை அம்பிளிபயரில் ‘சப் அவுட்’ என்று குறித்த துளையிலிருந்து ஒரே ஒரு கம்பி அதற்குப் போகும், வேலை முடிந்தது. உள்ளே அம்பிளிபயர் இல்லாத பெட்டியை மலிவென்று வாங்கி, ஸ்பீக்கர் முனைகளிலேயே சேர்த்துப் பூட்டுவோர் உளர். 8 ஓம் ஸ்பீக்கரோடு 8 ஓம் பெட்டியைச் சமாந்தரமாக இணைத்தால் மொத்தம் 4 ஓம், மின்னோட்டம் இரு மடங்காகும், அம்பிளிபயர் கொதிக்கும். இதனிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இக்காலத்துச் சிறு அம்பிளிபயர்கள் பலவற்றில் கறுப்பு முனையும் மின் இயங்கும் முனையே. பழைய ரேடியோப் பழக்கத்தில், கறுப்புத்தானே என்று இடம் வலம் இரண்டின் கறுப்பையும் ஒன்றாக முடிந்தால் அந்தக் கணமே அது எரிந்துபோகலாம்.

சப்வூபரில் திருகு இரண்டு இருக்கும். ஒன்று எந்த மீடிறனுக்குக் கீழே அது ஒலிக்க வேண்டும் என்பதைக் குறிப்பது, 80இல் தொடங்குக. மற்றது உரப்பு, பூச்சியத்திலிருந்து மெல்ல உயர்த்துக. மந்தர ஒலியும் சிறு ஸ்பீக்கர்களிலிருந்தே வருவதாகச் செவிக்குத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மூலையிலே பெட்டி ஒன்று உறுமுவது தனியே கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது. 0, 180 என்று குறித்த ஆழி இருந்தால் அதுவும் நாம் மேலே கண்ட கறுப்பு சிவப்பு விவகாரமே; இரண்டையும் மாற்றிப் பார்த்து, ஒலி நிறைவாக வருவதை வைத்துக்கொள்க. வைக்கும் இடத்தை அறிய வேடிக்கையான முறை ஒன்று உண்டு. நீர் அமரும் கதிரையில் சப்வூபரை ஏற்றிவைத்துவிட்டுச் சுவரோரமாக நீரே தவழ்ந்து செல்லும். எங்கே ஒலி தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைக்கலாம். வீட்டார் சிரிப்பார்கள், பரவாயில்லை.

எம்மைக் கேட்டால், பத்தடி அறைக்கும் அயல்வீட்டுச் சுவருக்கும் சப்வூபர் அவசியமில்லை என்போம். உயர்ந்த ஒலியைச் சுவர் தடுக்கும்; மந்தர ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு உமது பாட்டின் தாளம் மட்டும் போய்ச் சேரும்.

இனி, பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. கணினியும் சப்வூபரும் வெவ்வேறு சுவர்த் துளைகளிலிருந்து மின் எடுக்கும்போது, சில வீடுகளில் ‘ம்ம்’ என்ற ஓயாத இரைச்சல் எழும். அதனை நிறுத்துவதற்கு எர்த் கம்பியை வெட்டிவிடுமாறு யோசனை சொல்வோர் இருக்கிறார்கள். இரைச்சல் நிற்கவும் கூடும். ஆனால் உள்ளே காப்புறை பழுதாகும் நாளில் பெட்டியின் உலோகப் பாகத்திற்கு 230 வோல்ற் வந்துவிடும். தொடுபவர் வீட்டுப் பிள்ளை. எர்த் கம்பியைத் தொடாமல், கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். அடங்காவிட்டால், ஒலிக்கம்பியின் இடையே பூட்டும் சிறு ட்ரான்ஸ்போமர் கடைகளிற் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.