தபால் ஊழியர்களின் மனக்குறையும் நாமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

தபால் ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பு முடிந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 17ஆம் திகதி கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் தொடங்கி, அன்றிரவே நாடு முழுக்கப் பரவியது. 24ஆம் திகதி அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸவுடன் பேசிய பிறகு சங்கங்கள் கைவிட்டன. முன்வைத்த கோரிக்கைகள் 19. அவற்றில் பிரதானமானவை இரண்டு: மேலதிக நேரக் கொடுப்பனவு, கைவிரல் அடையாள இயந்திரம். இயந்திர விடயத்தில் அரசு இறங்கி வரவில்லை.

வேலைக்குத் திரும்பியவர்களிடம் பேசிப் பாருங்கள். "என்னத்துக்குப் போனோம், என்னத்தோட வந்தோம்" என்பதுதான் பேச்சு. நம்மில் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். வாட்ஸ்அப் காலத்தில் கடிதம் யாருக்கு வேண்டும் என்கிறார்கள். முதியோர் கொடுப்பனவுக்கு வரிசையில் நின்ற உம்மாமாரிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். வெளிவாரியாகப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அனுமதி அட்டை எதில் வருகிறது? 2020 ஊரடங்கில் கிளினிக் நோயாளிகளின் மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது யார்? முள்ளிப்பொத்தானையிலும் பாலம்போட்டாறிலும் வயல் வரம்பு தாண்டி உள்ளே இருக்கும் வீடுகளை கூகுள் மேப்பை விட போஸ்ட்மேனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

விரல் வைப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. பொதுமக்கள் பணத்தில் சம்பளம் எடுப்பவர் நேரத்துக்கு வர வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தெரிவது வந்த நேரமும் போன நேரமும் மட்டும்தான். ஆள் இல்லாத பக்கத்துப் பிரிவின் கடிதங்களையும் சேர்த்துச் சுமந்து, வெயிலில் சைக்கிள் மிதித்தவரின் வேலையை அது எண்ணாது. அதற்கு என்ன கணக்கு என்ற கேள்விக்கு நேரான பதில் வராதபோது மனக்குறை வரத்தான் செய்யும்.

நமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒரு வாரம் வீதியில் நின்றவன், முடிந்துவிட்டது என்பதைச் செய்தியில்தான் தெரிந்துகொண்டான். அறைக்குள் போனவர்கள் சிலர், வெளியே வந்து அன்றே அறிவித்துவிட்டார்கள். அதே ஆகஸ்ட் மாதம் முதலாம் திகதி கனடாவில் நடந்ததைப் பாருங்கள். கனடா தபால் நிறுவனத்தின் இறுதி முன்மொழிவு ஊழியர்களின் வாக்கெடுப்புக்குப் போனது. நகர்ப்புற ஊழியர்களில் 68.5 வீதமும் கிராமப்புறத்தில் 69.4 வீதமும் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவு சரியா பிழையா என்பது அவர்கள் பாடு. ஆனால் அங்கே ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டது.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரசாங்க ஊழியருக்குப் பொருந்தாது. தனியார் கம்பனியும் சங்கமும் அந்தச் சட்டத்தின் கீழ் கூட்டு உடன்படிக்கை செய்தால், மீறும்போது சட்டத்தின் முன் நிற்கலாம். அமைச்சில் தேநீர் குடித்துக்கொண்டு பேசி முடித்த உடன்பாட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. அமைச்சர் மாறினால், வரவு செலவுத் திட்டம் இறுகினால், அது வெறும் பேச்சு.

ஆசிரியர்களான நாம் இதை அனுபவித்தவர்கள். 2021 ஜூலை 12இல் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தினோம், நூறு நாள் தாண்டி ஒக்டோபர் 25இல் பாடசாலைக்குத் திரும்பினோம். சம்பள முரண்பாட்டில் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26இல் கொழும்புக்குப் போனவர்களுக்கு நீர்த்தாரையும் கண்ணீர்ப் புகையும்தான் கிடைத்தன. தபால் ஊழியரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆகவே சங்கத் தலைவர்களிடம் கேட்பது இதுதான். 19இல் எது எது ஒப்புக்கொள்ளப்பட்டது, எந்தத் திகதிக்குள் நடக்கும், எது கைவிடப்பட்டது என்று எழுத்தில் கொடுங்கள். தமிழிலும் கொடுங்கள். சிங்களச் சுற்றறிக்கை வந்து, அதை யாரோ வொய்ஸ் மெசேஜில் விளக்கி, அதை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வது நமக்குப் பழகிப் போனாலும் அது முறையல்ல. அடுத்த முறை கைவிடுவதற்கு முன் கிளைகளைக் கூட்டிக் கேளுங்கள், ஒரு நாள் பிந்தினால் பரவாயில்லை.

நம்மூர் தபால் கந்தோரில் வேலை செய்யும் காக்காமார், தம்பி, தங்கச்சிமார் இதை வாசித்தால், அந்த உடன்பாட்டின் பிரதி கையில் இருந்தால் கீழே கமெண்டில் போடுங்கள். தமிழாக்கம் செய்து தர நாங்கள் சில ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம்.